விற்ற பிறகு வரும் கேள்விகள்: நீண்டகால மூலதன ஆதாயமும் நஷ்டமும், ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு

உச்சிப்புளிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது ராமநாதபுரத்தில் வருமான வரிக் கணக்கு, அதாவது ரிட்டர்ன், தாக்கல் செய்து கொடுக்கிறேன். தோப்பு விற்றவர்கள், ராமேஸ்வரத்தில் மனை விற்றவர்கள், வளைகுடாவில் சம்பாதித்ததை மியூச்சுவல் ஃபண்டில் போட்டவர்கள், மீன்பிடித் தடைக்காலத்தில் நகையை விற்றவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். பெரும்பாலும் விற்று முடித்த பிறகுதான் வருகிறார்கள், அதுதான் வருத்தம். விற்பதற்கு முன்னால் வந்து பத்து நிமிடம் பேசியிருந்தால் சிலருக்குப் பெரும் தொகை மிஞ்சியிருக்கும். அவர்கள் கேட்ட கேள்விகளையே இங்கே எழுதுகிறேன்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் வருடத்துப் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. மூலதன ஆதாயத்தின் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. அதனால் பிரிவு எண்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

மூலதன ஆதாயம் என்றால் என்ன? விற்ற பணம் முழுவதும் வருமானமா?

இல்லை. 20 லட்சத்துக்கு மனை விற்றால் 20 லட்சமும் வருமானம் ஆகாது. வாங்கிய விலை, பத்திரச் செலவு, பிறகு கட்டிய சுற்றுச்சுவர் மாதிரியான மேம்பாட்டுச் செலவு, விற்கும்போது கொடுத்த தரகு எல்லாவற்றையும் கழித்து மிஞ்சுவதுதான் ஆதாயம். கழித்துப் பார்த்தால் பற்றாக்குறை வந்தால் அது மூலதன நஷ்டம். நிலம், வீடு, தங்கம், பங்கு, ஃபண்ட் யூனிட் எல்லாமே மூலதனச் சொத்துகள். வங்கி வைப்பு நிதியின் வட்டி இதில் சேராது, அது தனி வருமானம்.

எவ்வளவு காலம் வைத்திருந்தால் 'நீண்டகாலம்'?

2024 ஜூலை 23-ம் தேதி பட்ஜெட்டுக்குப் பிறகு கணக்கு எளிதாகிவிட்டது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்குகளும் பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டுகளும் 12 மாதத்தைத் தாண்ட வேண்டும். நிலம், வீடு, நகை, பட்டியலிடாத பங்கு என்றால் 24 மாதம். அதற்குள் விற்றால் குறுகியகாலம்.

நீண்டகாலம் என்றால் பொதுவாக ஆதாயத்தில் 12.5% வரி, அந்த வரித் தொகையில் 4% செஸ் என்ற கூடுதல் வரி. குறுகியகாலம் என்றால் பங்குக்கு 20%, மற்றவற்றுக்கு உங்கள் வருமான அடுக்குக்கு உள்ள விகிதம். ஒரே ஒரு வாரம் பொறுக்காமல் 23 மாதம் மூன்று வாரத்தில் கிரையம் எழுதிக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். வாங்கிய பத்திரத்தில் உள்ள தேதியை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

எஸ்ஐபி, அதாவது மாதத் தவணையாக ஃபண்டில் பணம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாதத் தவணைக்கும் தனித் தேதி. முதல் தவணை போட்டு ஒரு வருடம் ஆனதும் மொத்தத்தையும் எடுத்தால், முதல் தவணை மட்டும்தான் நீண்டகாலத்துக்குள் வந்திருக்கும். முதலில் வாங்கியது முதலில் விற்றதாகவே கணக்காகும்.

கடன் பத்திரங்களில் போடும் ஃபண்டுகளை 2023 ஏப்ரல் 1-லோ அதற்குப் பிறகோ வாங்கியிருந்தால், பத்து வருடம் வைத்திருந்தாலும் அது குறுகியகாலம்தான்.

பங்கில் 1.25 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே?

உண்மை. பட்டியலிட்ட பங்கு, பங்கு சார்ந்த ஃபண்டு இரண்டிலும் சேர்த்து ஒரு நிதியாண்டில் கிடைக்கும் நீண்டகால ஆதாயத்தில் முதல் 1,25,000 ரூபாய்க்கு வரி கிடையாது. முன்பு இது 1 லட்சமாக இருந்தது. நிலத்துக்கும் நகைக்கும் இந்தச் சலுகை இல்லை.

நஷ்டத்தை முதலில் கழித்துவிட்டுத்தான் இந்தச் சலுகை வரும். ஒரே வருடத்தில் ஒரு ஃபண்டில் 2,00,000 ஆதாயம், இன்னொரு பங்கில் 60,000 நீண்டகால நஷ்டம் என்று வையுங்கள். மிச்சம் 1,40,000. அதில் 1,25,000 போக 15,000. அதற்கு 12.5% என்றால் 1,875 ரூபாய். செஸ் சேர்த்தால் 1,950.

இந்தச் சலுகை வருடா வருடம் புதிதாக வரும், பயன்படுத்தாததை அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போக முடியாது. அதனால் சிலர் மார்ச் மாதம் 1.25 லட்சம் ஆதாயம் வரும் அளவுக்கு விற்று, மறுநாளோ அடுத்த வாரமோ அதையே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். வாங்கிய விலை உயர்ந்துவிடுவதால் பின்னால் வரி குறையும். இது சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் திரும்ப வாங்கிய தேதியிலிருந்து 12 மாதம் புதிதாக எண்ண வேண்டும். பங்கை விற்ற அன்றே வாங்கினால் பங்கு உங்கள் கணக்கை விட்டுப் போகாமலே அன்றாட வியாபாரக் கணக்காகிவிடும், ஒரு நாளாவது தள்ளி வாங்குங்கள்.

2018-க்கு முன்னால் வாங்கிய பங்கு. வாங்கிய விலை மிகக் குறைவு. வரி அதிகமாகுமா?

பங்கு ஆதாயத்துக்கு வரி 2018 ஏப்ரல் 1 முதல்தான் திரும்ப வந்தது. அதற்கு முந்தைய வளர்ச்சிக்கு வரி போடக்கூடாது என்பதற்காக 2018 ஜனவரி 31-ம் தேதி விலையைக் கணக்கில் எடுக்கிறார்கள். 2010-ல் 100 ரூபாய்க்கு வாங்கினீர்கள், 2018 ஜனவரி 31-ல் அது 300, இப்போது 500-க்கு விற்கிறீர்கள் என்றால் ஆதாயம் 400 அல்ல, 200. இப்போது 250-க்குத்தான் போகிறது என்றால் ஆதாயம் பூஜ்யம். 300-லிருந்து 250-க்கு இறங்கியதை நஷ்டமாகக் காட்ட முடியாது, ஏனென்றால் உங்கள் கையை விட்டுப் போனது ஒன்றும் இல்லை.

12 லட்சம் வரை வரி இல்லை என்று டிவியில் சொன்னார்கள். எனக்கு வேறு வருமானமே இல்லை. நிலம் விற்றதற்கு எதற்கு வரி?

அதிகம் பேர் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். அந்த 12 லட்சம் ஒரு தள்ளுபடி. சம்பளம், வட்டி, வியாபாரம் போன்ற சாதாரண வருமானத்தின் வரிக்குத்தான் அது பொருந்தும். தனி விகிதத்தில் வரி போடப்படும் மூலதன ஆதாயத்துக்குப் பொருந்தாது.

ஆனால் அடிப்படை விலக்கு வரம்பு பொருந்தும். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் அது 4 லட்சம். இந்தியாவில் குடியிருப்பவருக்கு வேறு வருமானம் இல்லை, நிலத்தில் 6 லட்சம் நீண்டகால ஆதாயம் என்றால், 4 லட்சம் அந்த வரம்பில் அடங்கிவிடும். மீதி 2 லட்சத்துக்கு 25,000, செஸ் 1,000, ஆக 26,000 ரூபாய் வரி. ஆதாயம் 3 லட்சம் மட்டும் என்றால் வரியே இல்லை. அம்மா பெயரில் உள்ள சிறு மனையை விற்கும்போது இந்தக் கணக்கு மிகவும் உதவும். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு இந்த வரம்புச் சலுகை கிடையாது.

நிலத்துக்கு 12.5 சதவீதமா, 20 சதவீதமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இரண்டும் சரிதான். 2024 ஜூலை 23-க்கு முன்னால் வாங்கிய நிலத்தையோ கட்டடத்தையோ இந்தியாவில் குடியிருக்கும் தனிநபர் விற்றால், இரண்டு கணக்கும் போட்டுப் பார்த்து எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம். ஒன்று, வாங்கிய விலையை அப்படியே கழித்து 12.5%. இன்னொன்று, வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்திக் கழித்து 20%.

ஒரு கணக்கைச் சேர்ந்து போடுவோம். 2005-06-ல் 3 லட்சத்துக்கு ஒரு மனை வாங்கினீர்கள். அந்த வருடக் குறியீடு 117. 2025-26-ல் விற்கிறீர்கள், குறியீடு 376. உயர்த்திய விலை 3,00,000 பெருக்கல் 376 வகுத்தல் 117, சுமார் 9,64,103 ரூபாய்.

உள்ளே மழையை நம்பிக் கிடக்கும் பக்கம், விலை மெதுவாக ஏறிய இடம், 12 லட்சத்துக்குத்தான் போகிறது என்றால்: முதல் முறையில் 9 லட்சத்துக்கு 12.5%, அதாவது 1,12,500. இரண்டாவது முறையில் 2,35,897-க்கு 20%, அதாவது 47,179. பாதிக்கும் கீழே வந்துவிட்டது பாருங்கள்.

அதே மனை ராமேஸ்வரம் தீவில் இருந்து 30 லட்சத்துக்குப் போகிறது என்றால்: முதல் முறையில் 3,37,500, இரண்டாவது முறையில் 4,07,179. இப்போது 12.5% தான் லாபம். 20 லட்சத்துக்கு விற்றால் 2,12,500-க்கும் 2,07,179-க்கும் நடுவே வெறும் ஐந்தாயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம். விலை வேகமாக ஏறிய நிலத்துக்கு 12.5%, தூங்கிக் கிடந்த நிலத்துக்கு 20%. மேலே சொன்னவை எல்லாம் செஸ் சேர்க்காத தொகை.

இதே மனையை 9 லட்சத்துக்கு விற்றால் என்ன ஆகும்? குறியீட்டுக் கணக்கில் 64,000 ரூபாய் போல நஷ்டம் காட்டும். வரி பூஜ்யம், அது உண்மை. ஆனால் அந்த நஷ்டத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. 2024-க்கு முன்பு அப்படிச் செய்ய முடிந்தது. அந்தப் பழைய நினைப்பில் இன்றைக்கும் சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள், நம்பிவிடாதீர்கள்.

தங்கத்துக்கு இந்த இரட்டைத் தேர்வு கிடையாது. 12.5% மட்டும்.

தாத்தா காலத்துத் தோப்பு. வாங்கிய விலை யாருக்கும் தெரியாது.

வாரிசாக வந்த சொத்துக்கும், தான செட்டில்மெண்டாக வந்த சொத்துக்கும் முந்தைய உரிமையாளர் கொடுத்த விலையே உங்கள் விலை. அவர் வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். அதனால் வாப்பா மௌத்தாகி ஆறு மாதத்தில் விற்றாலும், அவர் அதை முப்பது வருடம் வைத்திருந்தால் அது நீண்டகாலம்தான். அவசரத்தில் குறுகியகாலம் என்று போட்டு அதிக வரி கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

2001 ஏப்ரல் 1-க்கு முன்னால் வாங்கியதாக இருந்தால், அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: அது 2001 ஏப்ரல் 1-ல் அரசு வைத்திருந்த வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. அந்த மதிப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அறிக்கையும் இருந்தால் பின்னால் கேள்வி வரும்போது கை நடுங்காது.

விவசாய நிலத்துக்கு வரி இல்லைதானே?

கிராமத்து விவசாய நிலம் மூலதனச் சொத்தே அல்ல, விற்ற ஆதாயத்துக்கு வரி இல்லை. எது கிராமம் என்பதில்தான் சிக்கல்.

10,000 பேருக்கு மேல் உள்ள நகராட்சி எல்லைக்குள் இருந்தால் அது கிராமம் அல்ல. எல்லைக்கு வெளியே என்றால், மக்கள்தொகை 10,000 முதல் 1 லட்சம் வரை உள்ள நகராட்சிக்கு 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 6 கிலோமீட்டர், அதற்கும் மேல் 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரை, பரமக்குடி நான்குமே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1 லட்சத்துக்குக் கீழே, ஆகவே 2 கிலோமீட்டர்தான். பரமக்குடி அன்றைக்கே 95 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அடுத்த கணக்கெடுப்பு எண்கள் வெளியானதும் அங்கே 2 என்பது 6 ஆகிவிடலாம். அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் 'நகராட்சி அல்லது வேறு எந்தப் பெயரானாலும்' என்று சொல்வதால், 10,000-க்கு மேல் ஆள் இருக்கும் பேரூராட்சிகளையும் விட்டுவிடாமல் பார்க்க வேண்டும்.

தூரத்தை நேர்கோட்டில் அளப்பார்கள், சாலை வழியாக அல்ல. கடற்கரையில் இது ரொம்ப முக்கியம். காயலைச் சுற்றி நாலு கிலோமீட்டர் ஓட்டிப் போகும் இடம் வான்வழியாக ஒன்றரை கிலோமீட்டராக இருக்கலாம்.

நிலமும் உண்மையில் விவசாய நிலமாக இருக்க வேண்டும். முண்டு மிளகாய் போட்டதும் தென்னை நிற்பதும் அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்ப் பதிவேட்டில், இருக்கட்டும். உப்பளம் விவசாய நிலம் ஆகாது. கருவேலம் மண்டி வருடக்கணக்காக உழவே இல்லாமல் கிடந்த நிலத்தை விவசாய நிலம் என்று நிரூபிப்பது கஷ்டம். மனைப்பிரிவாகப் பிரித்து விற்றால் வாதம் இன்னும் பலவீனமாகும்.

நகர எல்லைக்குள் வரும் விவசாய நிலத்துக்கு வேறொரு வழி இருக்கிறது. விற்பதற்கு முன் இரண்டு வருடம் நீங்களோ பெற்றோரோ அதில் விவசாயம் செய்திருந்து, இரண்டு வருடத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் அந்த அளவுக்கு வரி விலக்கு.

பத்திரத்தில் குறைவாகக் காட்டிவிட்டால்?

வேண்டாம். பத்திர விலை வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக இருந்து, வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்து வரி போடுவார்கள். வாங்கியவருக்கும் அந்த வித்தியாசம் வருமானமாக வந்து நிற்கும். நில விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடச் சட்டம் இருக்கிறது. இன்றைக்குக் குறைத்து எழுதி வாங்குகிறவர், நாளை விற்கும்போது அந்தக் குறைந்த விலையைத்தான் கழிக்க முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நஷ்டத்துக்குத்தான் வரி இல்லையே. அதை எதற்கு எழுத வேண்டும்?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் சந்தை விழுந்தபோது அப்பா பயந்துபோய்ப் பல வருடம் வைத்திருந்த பங்குகளை விற்றார். நீண்டகால நஷ்டம் 3,40,000 ரூபாய். அப்போது எனக்கு இந்தத் தொழில் தெரியாது. எங்களுக்குக் கணக்குப் பார்த்தவர், "நஷ்டம்தானே சார், ரிட்டர்ன் எதுக்கு" என்று சொல்லிவிட்டார். நாங்களும் விட்டுவிட்டோம். 2024 டிசம்பரில் உச்சிப்புளியில் இருந்த மனையை விற்றோம். இரண்டு முறையும் போட்டுப் பார்த்ததில் 12.5% கணக்குதான் எங்களுக்குக் குறைவாக வந்தது. அந்தப் பழைய நஷ்டம் கணக்கில் ஏறியிருந்தால் ஆதாயத்தில் 3,40,000 கழிந்து, செஸ்ஸோடு 44,200 ரூபாய் வரி மிச்சமாகியிருக்கும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் இந்த வேலைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

விதி இதுதான். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால ஆதாயத்தில் மட்டும் கழிக்கலாம். குறுகியகால நஷ்டத்தை இரண்டிலும் கழிக்கலாம். சம்பளத்திலோ வட்டியிலோ வியாபாரத்திலோ கழிக்க முடியாது. அந்த வருடம் கழித்தது போக மிஞ்சிய நஷ்டத்தை அடுத்த எட்டு வருடம் வரை எடுத்துச் செல்லலாம். பங்கில் வந்த நஷ்டத்தைப் பங்கிலேதான் கழிக்க வேண்டும் என்று இல்லை. நில ஆதாயத்திலும் நகை ஆதாயத்திலும் கழிக்கலாம்.

இதற்கெல்லாம் ஒரே நிபந்தனை: நஷ்டம் வந்த வருடத்தின் ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருக்க வேண்டும். சாதாரணமாக அது ஜூலை 31. தாமதமாகவும் ரிட்டர்ன் போடலாம், ஆனால் அதில் மூலதன நஷ்டத்தை எடுத்துச் செல்லும் உரிமை போய்விடும். எளிய ஐடிஆர்-1 படிவத்தில் பங்கு ஆதாயம் 1.25 லட்சம் வரை காட்டலாம், நஷ்டத்தை எடுத்துச் செல்ல அதில் இடமில்லை. ஐடிஆர்-2 போட வேண்டும். வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாதவரும் நஷ்டத்துக்காகவே ரிட்டர்ன் போடுவது நல்லது.

நிதி நிறுவனத்தில் போட்ட பணம் மொத்தமாகப் போய்விட்டது. அதை நஷ்டமாகக் கழிக்கலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் மனது கஷ்டப்படும். முடியாது. விற்பனையோ உரிமை மாற்றமோ நடந்தால்தான் மூலதன நஷ்டம். அதிக வட்டிக்கு ஆசைகாட்டியவரிடம் கொடுத்த வைப்புப் பணம் வராமல் போனால் இந்தக் கணக்கில் அதற்கு இடமில்லை. காவல் துறைப் புகார், நீதிமன்றம் என்று வேறு வழியில்தான் போராட வேண்டும்.

உங்கள் டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணுவாக வைத்திருக்கும் கணக்கு) மதிப்பே இல்லாமல் கிடக்கும் பங்கும் இப்படித்தான். விலை விழுந்ததால் மட்டும் நஷ்டம் ஆகாது. வாங்க ஆள் இருக்கும்போதே ஐந்து ரூபாய்க்காவது விற்றால்தான் நஷ்டம் கணக்குக்கு வரும்.

தடைக்காலத்தில் அடகு வைத்த நகை ஏலம் போய்விட்டது. அதற்கும் வரியா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் எத்தனை வீட்டு நகை அடகுக்குப் போகிறது என்று நமக்குத் தெரியும். மீட்க முடியாமல் ஏலம் போனால் வருமான வரிச் சட்டத்தில் அதுவும் உங்கள் விற்பனைதான். பழைய நகையைக் கொடுத்துப் புது நகை வாங்குவதும் விற்பனைதான். ஆதாயத்தைக் கணக்கிட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது அடிப்படை வரம்புக்குள் அடங்கி வரி இல்லாமல் முடிந்துவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் கல்யாணத்துக்கு அம்மா போட்டது, அம்மாவுக்கு அவருடைய அம்மா போட்டது என்று வரும்போது வாங்கிய விலை, வருடம் எதற்கும் சீட்டு இருக்காது. வீட்டில் இருக்கும் நகையை இன்றைக்கே ஒரு தாளில் எடை, வந்த வழி, ஏறக்குறைய எந்த வருடம் என்று எழுதி வையுங்கள். 2001-க்கு முந்தைய நகை என்றால் அந்த வருட ஏப்ரல் 1 சந்தை விலையை எடுக்கலாம். நிலத்துக்கு இருக்கும் வழிகாட்டி மதிப்புக் கட்டுப்பாடு நகைக்கு இல்லை.

விசைப்படகைப் பத்து வருடம் வைத்திருந்து விற்றேன். நீண்டகாலம்தானே?

தொழில் கணக்கில் தேய்மானம் எழுதிய படகு என்றால் எத்தனை வருடம் ஆனாலும் குறுகியகாலம்தான். தேய்மானம் போக மிஞ்சிய புத்தக மதிப்புக்கு மேல் வந்ததற்கு உங்கள் அடுக்கு விகிதத்தில் வரி.

மச்சான் துபாயில் இருக்கிறார். அவர் பெயரில் உள்ள மனையை நான் பவர் வாங்கி விற்கலாமா?

விற்கலாம். ஆனால் விற்பவர் அவர்தான், நீங்கள் அல்ல. அவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்ற கணக்கே ஓடும். அதனால் மூன்று மாற்றங்கள். 20% குறியீட்டுத் தேர்வு இல்லை, 12.5% மட்டும். அடிப்படை வரம்பில் அடக்கும் சலுகை இல்லை. வாங்குகிறவர் கொடுக்கும் பணத்திலேயே வரியைப் (டிடிஎஸ்) பிடித்து அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும்.

உள்ளூர்க்காரர் விற்றால் 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கிரையத்துக்கு மட்டும் 1% பிடித்தால் போதும். வெளிநாட்டில் இருப்பவர் விற்றால் எவ்வளவு சிறிய தொகையானாலும் பிடிக்க வேண்டும். ஆதாயம் எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாததால் மொத்த விலைக்கும் பிடித்துவிடுவார். 40 லட்சத்துக்கு விற்றால் 5,20,000 ரூபாய் நின்றுவிடும். ஆதாயம் 10 லட்சம்தான் என்றால் உண்மையான வரி 1,30,000. மீதியை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்க மாதக்கணக்காகும். கிரையத்துக்கு முன்பே வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் இந்தத் தொல்லை இல்லை. கீழக்கரையிலும் தொண்டியிலும் இருந்து வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே, "சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா?" என்பதுதான். வாங்குகிறவரும் கவனிக்க வேண்டும், பிடிக்காமல் விட்டால் பொறுப்பு அவர் தலையில்.

வரி கட்டாமல் இருக்க வீடு வாங்கலாம் என்கிறார்களே?

நீண்டகால ஆதாயத்துக்கு இந்த வழி உண்டு. வீட்டை விற்றவர் ஆதாயத்தை வேறு வீட்டில் போட்டால் அந்த அளவுக்கு விலக்கு. நிலம், தங்கம், பங்கு விற்றவர் என்றால் விற்ற தொகை முழுவதையும் வீட்டில் போட வேண்டும், ஒரு பகுதி போட்டால் அந்த விகிதத்துக்குத்தான் விலக்கு. விற்ற நாளில் அவருக்கு ஒன்றுக்கு மேல் வீடு இருக்கக்கூடாது. விற்பதற்கு ஒரு வருடம் முன்போ இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்க வேண்டும், கட்டுவதாக இருந்தால் மூன்று வருடத்துக்குள் கட்ட வேண்டும். ரிட்டர்ன் கெடு வருவதற்குள் செலவழிக்காத பணத்தை வங்கியில் 'மூலதன ஆதாயக் கணக்கு' என்ற தனிக் கணக்கில் போட வேண்டும். சாதாரணச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தால் செல்லாது.

நம் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு: அப்பா பெயரில் இருந்த நிலத்தை விற்று, மகன் பெயரிலோ மருமகள் பெயரிலோ இருக்கும் மனையில் வீடு கட்டுவது. பாசம்தான் காரணம். ஆனால் இது வழக்கு வரை போகும் விஷயம். விற்றவர் பெயரிலேயே வீடு இருக்கட்டும், பிறகு செட்டில்மெண்ட் எழுதலாம், அதுவும் மூன்று வருடம் கழித்து.

வீடு வேண்டாம் என்றால், நிலமோ கட்டடமோ விற்ற ஆறு மாதத்துக்குள் இதற்கென்று ஒதுக்கிய அரசு நிறுவனப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். ஐந்து வருடம் எடுக்க முடியாது, வட்டிக்கு வரி உண்டு. ஆதாயம் சிறியது என்றால் வரியைக் கட்டிவிட்டுப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்வதே மேல் என்பது என் எண்ணம். இரண்டு லட்ச ரூபாய் வரியைத் தவிர்க்க, தேவையில்லாத வீட்டைக் கடன் வாங்கிக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்னென்ன தாள் வைத்திருக்க வேண்டும்?

தாய்ப்பத்திரம், உங்கள் கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, விவசாய நிலத்துக்கு அடங்கல். கிணறு வெட்டியது, சுவர் எழுப்பியது எல்லாவற்றுக்கும் ரசீது, பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் இன்னும் நல்லது. பங்குக்கும் ஃபண்டுக்கும் புரோக்கர் நிறுவனத்திடமிருந்து வருடாந்திர ஆதாய அறிக்கையை இறக்கி வையுங்கள். நஷ்டம் எடுத்துச் செல்லும் எட்டு வருடமும் அந்த வருட ரிட்டர்னின் ஒப்புகையைத் தூக்கிப் போடாதீர்கள்.

நம் ஊர் உப்புக் காற்றில் பெட்டிக்குள் வைத்த தாள் கூட இற்றுப்போகும். முன்பு கீழக்கரையிலிருந்து ஒருவர் கொண்டுவந்த 1994-ம் வருடப் பத்திரத்தில் விலை எழுதியிருந்த வரி மட்டும் மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கிவிட்டோம், ஆனால் அதற்குள் கெடு நெருங்கிவிட்டது. வெயில் நல்லா இருக்கும் ஒரு நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் பிடித்து, பிள்ளைகள் இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள்.